அவள் காதைத் தொட்ட பின்னேரம்

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டார் எல்லோரும் சற்றுச் சாய்ந்திருக்கும் நேரத்தில் நான் ஆங்கிலப் பாடல்கள் கேட்கிறேன். மகளுடைய வீட்டின் பின்னறையில், யன்னலோரக் கதிரையில், கைத்தொலைபேசியில் இயர்போனைக் கொளுவிக்கொண்டு பின்னேர அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அப்படியே இருப்பேன். மனைவி மௌத்தாகி, அவளை அடக்கம் செய்து ஏழு மாதங்கள் கடந்துவிட்டன. ஹஜ் செய்து வந்தவன், பள்ளிவாசல் நிர்வாகத்தில் சில காலம் இருந்தவன், முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவன், இந்த வயதில் காதுக்குள் பாட்டை வைத்துக்கொண்டிருப்பதை எழுதி வைப்பது எங்களூர் வழக்கமல்ல. ஆனாலும் எழுதாமல் விட என்னால் இயலவில்லை. இதற்குள் இன்னொரு விடயம் இருக்கிறது. அது என்னோடு மட்டும் முடிந்துபோகிற விடயமாக இருந்திருந்தால் நான் பேசாமலே இருந்திருப்பேன்.

ஜனாஸாவை அடக்கி இரண்டு கிழமைக்குப் பிறகு, இப்போது வெளிநாடொன்றில் வைத்தியராக இருக்கும் பழைய மாணவன் ஒருவன் செய்தி அனுப்பியிருந்தான். முறைப்படியான ஆறுதல் வார்த்தைகள், ஒரு துஆ, அதன் கீழே ஒரு நீண்ட பட்டியல். தனிமையாக உணரும்போது கேட்கத் தகுந்த ஆங்கிலப் பாடல்கள் என்று அதற்குத் தலைப்பும் இட்டிருந்தான். "சேர், நீங்க அப்ப வகுப்பில பாட்டுப் போட்டுத்தான் எங்களுக்கு இங்கிலீசு படிப்பிச்சீங்க. இப்ப நான் உங்களுக்கு அனுப்புறன், குறை நினைக்காதீங்க" என்று முடித்திருந்தான்.

நான் அவற்றை விடைத்தாள் திருத்துகிறவனைப் போலவே கேட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு. பெரும்பாலானவை அண்மைக் காலத்தவை. எனக்குப் பழக்கமில்லாத குரல்கள். சொற்களைக் கூர்ந்து கேட்டதில் ஒன்று விளங்கியது. "நீ தனியாக இல்லை, நான் இருக்கிறேன்" என்று உறுதி கூறும் பாடல்கள் ஆறுதல் தருவதில்லை. அப்படிச் சொல்லும் குரலைக் கேட்டவுடன், அதைச் சொல்லியிருக்க வேண்டிய ஒருவர் அறையில் இல்லை என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மாறாக, மழையில் வீட்டுக்குத் திரும்பும் ஒருவன் வழியில் கண்டவற்றை அமைதியாகச் சொல்லிக்கொண்டு போகும் பாடல் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தது. அவன் எதையும் வாக்களிக்கவில்லை. கடை பூட்டியிருந்தது, நாய் ஒன்று ஒதுங்கி நின்றது, தபால்பெட்டி நனைந்திருந்தது, அவ்வளவுதான். அதை மட்டும் நான் நான்கு தடவை கேட்டேன். மாணவனுக்கு நன்றி என்று ஒரு சொல் எழுதினேன்.

அவனுக்கு நான் எழுதாத ஒன்று உண்டு. தனிமைக்கு ஆங்கிலப் பாட்டு மருந்து என்பதை எனக்கு முன்பே காட்டித் தந்தவள் என் மனைவி. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் நான் மாலைதீவில் நான்கு வருடம் ஆசிரியராக இருந்தேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு அவளுடையது. கலியாணத்துக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, ஒரு அலுமாரி நிறையப் புத்தகங்களையும் ஒரு பெட்டி ஒலிநாடாக்களையும் அங்கு வைத்துவிட்டு, கடல் கடந்து போனேன். வருடத்துக்கு ஒரு தடவை வந்தேன். மூன்றாவது தடவை வந்தபோது, அடுப்படியில் அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு தேங்காய் துருவுவதைக் கேட்டேன். என்னுடைய ஒலிநாடா ஒன்றில் இருந்த மெட்டு அது. ஒரு சுரமும் பிசகவில்லை. சொற்களுக்குப் பதிலாக வாயில் வந்த ஒலிகளைப் போட்டு நிரப்பியிருந்தாள்.

"இதெங்க கேட்டனீ?" என்றேன்.

"உங்கட பெட்டியிலதான். புள்ளயப் படுக்கப் போட்டுட்டுக் கேக்கிற. ஊரடங்குப் போட்டா வேறென்ன செய்யிற? கதவச் சாத்திட்டு, சத்தத்தக் குறைச்சு வெச்சிட்டுக் கேக்கிற."

"ஒரு சொல்லும் விளங்காதே உனக்கு."

"விளங்காததுதான் நல்லம்" என்றாள். "தமிழ்ப் பாட்டெண்டா அதுக்குள்ள ஒரு கதை இரிக்கும். கேட்டுக் கொஞ்ச நேரத்தில அது எண்ட கதையாப் போயிரும். மறுகா அழுக வரும். இதுக்குள்ள எனக்கொரு கதையுமில்ல. ஆரோ நல்ல மனிசர் பக்கத்து அறையிலிருந்து கதைச்சிட்டிருக்காங்க எண்டு நினைச்சிட்டு நான் எண்ட வேலயப் பாப்பன்."

நான் அப்போது இளைஞன். படிப்பிக்கும் வெறி இருந்தது. அன்று பின்னேரமே அவளை உட்கார வைத்து, அந்தப் பாடலை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். துறைமுகத்தில் விடைபெறும் ஒருத்தியைப் பற்றிய பாடல் அது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "இதையினி நான் கேக்க ஏலா" என்று சொல்லி எழுந்து போனாள். உண்மையில் அதற்குப் பிறகு அதை அவள் கேட்கவில்லை. மற்றப் பாடல்களுக்குப் பொருள் சொல்ல அவள் என்னை விடவுமில்லை. விளக்கம் சொல்ல வாயெடுத்தால், "வேணா, உங்கட வாத்தித்தனத்த வகுப்பில வெச்சுக்கங்க" என்பாள்.

அந்த ஒலிநாடாக்களைச் சுனாமி கொண்டுபோயிற்று. ஆட்கள் தப்பியதே பெரிய விடயமாக இருந்ததால் அவற்றைப் பற்றி நாங்கள் பேசவில்லை. வீடு திருத்தப்பட்டது. மகளுக்குக் கலியாணமானபோது அந்த வீட்டை அவளுக்கு எழுதினோம். நானும் மனைவியும் பின்னறைக்கு மாறினோம். மருமகன் பிரதான வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். தொழுகை தவறாதவர், அதிகம் பேசாதவர். வீட்டில் தொலைக்காட்சியில் பாட்டு வந்தால் எழுந்து போய் அணைக்க மாட்டார். தான் எழுந்து வெளியே போவார். அந்த நாகரிகம் எங்களைச் சத்தமாகப் பாட்டுக் கேட்க விடாமல் செய்தது. அதில் எனக்குக் குறையில்லை.

சென்ற வருடத்தின் தொடக்கத்தில் மனைவிக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சுப் போய்விட்டது. நினைவு மட்டும் முழுமையாக இருந்தது. அதை வைத்தியர்கள் சொல்லித்தான் மற்றவர்கள் நம்பினார்கள். எனக்கு அவளுடைய கண்ணே போதுமாயிருந்தது. காலையில் அவளருகே இருந்து நான் குர்ஆன் ஓதுவேன். பகலில் பார்க்க வருகிறவர்கள் வருவார்கள். பின்னேரங்கள்தான் கடினமானவை. நாள் முழுதும் மற்றவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, பதிலுக்கு ஒன்றும் சொல்ல இயலாமல் கிடந்தவள், அந்த நேரத்தில் சுவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

பேரப்பிள்ளையின் உதவியோடு பழைய பாடல்களைக் கைத்தொலைபேசியில் தேடி எடுக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு பின்னேரம் இயர்போனின் ஒரு முனையை அவளுடைய இடக்காதிலும் மற்றதை என்னுடைய காதிலும் வைத்தேன். முதல் பாட்டின் தொடக்க இசை வந்ததும் அவள் தலையைச் சுவரிலிருந்து என் பக்கம் திருப்பினாள். வாயின் ஒரு பாதியால் சிரித்தாள். அதற்குப் பிறகு அது ஒவ்வொரு நாளும் நடந்தது. மூன்று மணியளவில் அவள் இடக்கையைத் தூக்கிக் காதைத் தொடுவாள். நான் வயரை எடுப்பேன். ஐந்து மாதம் அப்படிப் போனது.

பார்க்க வந்தவர்கள் அந்த வெள்ளை வயரைக் கண்டார்கள். முதலில் கண்டவள் மனைவியின் தங்கை, என் மச்சினி. வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கண்கலங்கிப் போனாள்.

"மாஷா அல்லாஹ், மச்சான். ஓதுறதக் கேக்க வெச்சிட்டிருக்கீங்க. எங்கட ராத்தாக்கு இதவிட என்ன வேணும்?"

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் குறும்பு இருந்தது என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். காதில் ஒரு வெள்ளைக்காரர் தன் பழைய காரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார். மச்சினி போன பிறகு நாங்கள் இருவரும் சிரித்தோம். அவள் ஓசையில்லாமல், நான் ஓசையோடு.

நோயாளியின் காதில் வயர் இருந்தால் அது குர்ஆன் ஓதும் ஒலியாகத்தான் இருக்கும் என்று எங்களூரில் யாரும் கருதுவார்கள். அதில் பிழையில்லை, நானும் அப்படித்தான் கருதியிருப்பேன். செய்தி பரவியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மாருக்கு என்னை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். பள்ளிவாசலில் ஒருவர் என் கையைப் பிடித்து, "உங்களப் போல ஆக்கள் இந்தக் காலத்தில இல்ல ஹாஜியார்" என்றார். முதல் நாள் திருத்தியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஒரு மாதத்துக்குப் பிறகு திருத்துவது எல்லோரையும் பொய்யராக்குவது போலாகிவிட்டது. நான் பேசாமல் இருந்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது தடவை வாதம் வந்தபோது, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். கொண்டுவந்து வீட்டு மண்டபத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். சொந்தக்காரப் பெண்கள் பாய் விரித்து வட்டமாக இருந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார்கள். ஆண்கள் வெளி விறாந்தையில் இருந்தார்கள். நான் மட்டும் கட்டிலின் தலைமாட்டில் இருந்தேன். இரண்டு நாள் அப்படி. அவள் பெரும்பாலும் கண்ணை மூடியிருந்தாள்.

இரண்டாம் நாள் பின்னேரம், மூன்று மணி இருக்கும், அவள் கண்ணைத் திறந்தாள். என்னைத் தேடினாள். கண்டதும் இடக்கையை மெல்லத் தூக்கிக் காதைத் தொட்டாள்.

ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கட்டிலைச் சுற்றி ஒரு பத்துப் பேர். மகள் கால்மாட்டில். மனைவி மறுபடியும் காதைத் தொட்டாள்.

"என்னவாம் மச்சான்? என்ன கேக்கிறா?" என்றாள் மச்சினி.

கைத்தொலைபேசி என்னுடைய சட்டைப்பையில் இருந்தது. வயரும் அதற்குள்தான் இருந்தது. எடுத்து வைப்பதற்கு ஒரு நிமிடமும் தேவையில்லை. வைத்திருந்தால் அதையும் அவர்கள் ஓதல் என்றே நினைத்திருப்பார்கள். அல்லது யாராவது ஒருவர் பரிவோடு மற்ற முனையை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்திருப்பார். மச்சினி அப்படிச் செய்யக் கூடியவள். யாசீன் ஓதும் இடத்தில், உயிர் பிரியும் சக்கராத்து நேரத்தில், ஒரு மனிதன் தன் மனைவியின் காதில் பாட்டை வைத்தான் என்று ஆகியிருக்கும். இவ்வளவையும் நான் அந்த நேரத்தில் யோசித்தேனா, பிறகு இட்டுக்கட்டினேனா என்று தெரியவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"காது நோகுது போல."

மச்சினி ஓடிப்போய் அடுப்பை மூட்டினாள். தேங்காய் எண்ணெயில் உள்ளிப் பூண்டு தட்டிப் போட்டு, இளஞ்சூடாக்கி, பஞ்சில் தோய்த்துக் கொண்டுவந்தாள். மனைவியின் தலையைச் சரித்து, இடக்காதில் துளித்துளியாக விட்டாள். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைக் கீழே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். யாசீன் மறுபடி தொடங்கியது. அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, கலிமாச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவள் போய்ச் சேர்ந்தாள்.

அந்த ஓதல் குறித்து எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்கும் அதே ஓதல்தான் வேண்டும். நான் நினைத்து நினைத்து வெந்துபோவது, அந்த ஓதலுக்கு முன்னால் அவள் என்னிடம் கேட்ட ஒன்றை, கேட்டது இன்னதென்று தெரிந்துகொண்டே, மறுத்ததைப் பற்றித்தான்.

மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் மகளும் ஒருத்தி. காதுக்குள் எண்ணெயும் உள்ளித் துண்டும் இருந்ததை அவள்தான் பஞ்சால் துடைத்து எடுத்தாள். அதை நான் பிறகுதான் அறிந்தேன். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போய், வீடு வெறிச்சென்றான பிறகு அவள் என்னிடம் முதலில் கேட்டது காதைப் பற்றி.

"உம்மாக்குக் காது நோவு எத்தின நாளா வாப்பா?"

"தெரியா மகள். அண்டைக்கித்தான் கண்டன்."

"முந்தி ஒருக்கா, நோய் வாறதுக்கு முந்தி, காது குடையுதெண்டு சொன்னவ. நாளைக்கிக் காட்டுவம் எண்டன். மறுகா மறந்துட்டன்."

எல்லோருக்கும் எப்போதாவது காது குடையும் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. அடுத்து வந்த கிழமைகளில் கைத்தொலைபேசியில் காது நோய்களைப் பற்றித் தேடித்தேடி வாசித்தாள். காதில் தொடங்கும் நோய் மூளைக்கு ஏறும் என்று எங்கோ எழுதியிருந்ததாம். அதிலிருந்து அவளுடைய எண்ணம் ஒரு நேர்கோட்டில் போகத் தொடங்கியது: காதில் தொடங்கியது, தான் கவனிக்கவில்லை, மூளைக்கு ஏறியது, உம்மா போனார். வைத்தியர் ஒருவரிடம் போய், பழைய மருத்துவத் துண்டுகள் எல்லாவற்றையும் காட்டிக் கேட்டாள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவர் சொன்னார். "அப்ப ஏன் உம்மா காதைப் புடிச்சவ?" என்று அவரிடமே கேட்டிருக்கிறாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் மற்றது. அதை அவளுடைய வாயாலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். "எண்டாலும் அஞ்சு மாசம் உம்மா குர்ஆனக் கேட்டுட்டே இருந்தவ. அது எத்தின பேருக்குக் கிடைக்கும்?" என்பாள். அடக்கம் முடிந்த பிறகு பள்ளிவாசலில் மௌலவியும் இதைச் சொல்லித்தான் துஆக் கேட்டார். நான் முன்வரிசையில் நின்று ஆமீன் சொன்னேன்.

ஆகவே நான் நின்ற இடம் இதுதான். காது நோவு என்பது என்னுடைய பொய். அதைச் சொன்னால் மகளுடைய குற்ற உணர்வு நீங்கும். ஆனால் காதைத் தொட்டது எதற்கு என்று சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் ஐந்து மாத ஓதலும் போய்விடும். ஒரு கையால் எடுத்த பாரத்தை மறுகையால் அவள் மேல் வைப்பதாகும். நான் தள்ளிப்போட்டேன். கற்றவர்கள் தள்ளிப்போடுவதற்கு நல்ல காரணங்கள் வைத்திருப்பார்கள், என்னிடமும் இருந்தன.

அந்த மாதங்களில்தான் மாணவனின் பட்டியலை விட்டுவிட்டு எங்களுடைய பழைய பாடல்களுக்குத் திரும்பினேன். அவள் கேட்டதைப் போலக் கேட்க முயன்றேன்: சொல்லை விட்டுவிட்டு, குரலை மட்டும், பக்கத்து அறையில் இருக்கும் நல்ல மனிதர் ஒருவரின் பேச்சைப் போல. ஒரு நாளும் முடியவில்லை. காதில் விழுந்த மறுகணமே ஒவ்வொரு சொல்லும் தன் பொருளோடு வந்து நிற்கிறது. மொழியொன்றைக் கற்பதற்கு எனக்கு வழி தெரியும்; கற்றதைக் கழற்றி வைப்பதற்கு வழி தெரியாது. அவளுக்கு ஆறுதலாயிருந்த அதே பாடல்கள் எனக்குக் கேள்வித்தாள்களாக இருந்தன. அன்றைக்கு அவள் எந்தப் பாட்டைக் கேட்க விரும்பினாள் என்ற கேள்வி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இருந்தது. இதுவா, இதுவா என்று கேட்டுக்கொண்டு போவேன். அஸர் பாங்கு சொல்லிவிடும்.

சென்ற மாதம் மருமகன் கடைக்குப் போகும் முன் என் அறைக்கு வந்தார். வழக்கமாக வாசலில் நின்று பேசுபவர், உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்தார்.

"மாமா, அவ ஒழுங்காச் சாப்பிடுறல்ல. காது நோகுதெண்டு சொல்றா. ரெண்டு டொக்டருக்கிட்டக் காட்டிட்டன். காதுல ஒண்டுமில்லையாம்."

"எந்தக் காது?"

"இடக்காது" என்றார். "அவட உம்மாட நினைவுதான் மாமா. நீங்க ஒருக்கா அவவோட கதைச்சிப் பாருங்க. நான் சொன்னா, உங்களுக்கு விளங்காது எண்டிர்றா."

அவர் போன பிறகு நான் இயர்போனை மேசை லாச்சிக்குள் வைத்தேன். அன்று பகல் எதுவும் கேட்கவில்லை.

மகள் மண்டபத்தில் பிள்ளைகளின் பாடசாலை உடுப்புகளுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தாள். காதில் ஒரு பஞ்சுத் துண்டு வைத்திருந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"மகள், உம்மாக்குக் காது நோவு இருக்கல்ல."

"டொக்டரும் அதத்தான் சொல்றார்" என்றாள், நிமிராமல்.

"டொக்டர் சொல்றத நான் சொல்லல்ல. நான் சொன்னது பொய். அண்டைக்கி அவ காதைத் தொட்டது நோவுக்கில்ல. இயர்போனக் கேட்டவ."

அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னை முழுமையாகப் பார்த்தாள். முகம் ஒரு கணம் தெளிந்ததைக் கண்டேன்.

"ஓதுறதக் கேக்கவா வாப்பா?"

அங்கே எனக்கொரு வாசல் திறந்திருந்தது. ஓம் என்ற ஒரு சொல் போதும். காது நோவும் போகும். ஐந்து மாதமும் அப்படியே இருக்கும். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, மௌத்தானவளின் பேருக்கும் நல்லது. நான் அந்தச் சொல்லுக்கு மிக அருகில் போனேன். அதைச் சொல்லாமல் விட்டது நேர்மையினால் என்று பெருமை பேச மாட்டேன். இன்னொரு தடவை அந்தக் கட்டிலின் தலைமாட்டில் இருந்து அதையே செய்கிறேன் என்று தோன்றியது.

"இல்ல. பாட்டு."

"என்ன பாட்டு?"

"இங்கிலீசுப் பாட்டு. பழசு. நீ சின்னப் புள்ளயா இருக்கக்குள்ள அவ கேட்டது."

"அப்ப எல்லாரும் சொன்னது?"

"அவங்களா நினைச்சிட்டாங்க. நான் இல்லெண்டு சொல்லல்ல. காலையில நான் பக்கத்தில இருந்து ஓதினது உண்மை. பின்னேரத்தில பாட்டுத்தான்."

அவள் ஒரு சின்னச் சட்டையை எடுத்து மடித்தாள். மடித்ததை விரித்து மறுபடியும் மடித்தாள்.

"உம்மாக்கு விளங்குமா?"

"விளங்காது. அவவுக்கு அதுதான் வேணும்."

"கேட்டவவுக்கு ஏன் வாப்பா குடுக்கல்ல?"

"ஆக்கள் இருந்தாங்க."

"ஆக்கள்" என்றாள். சத்தம் கூடவில்லை. "குடுக்க ஏலாட்டி விடுங்க. காதெண்டு ஏன் சொன்னீங்க? தண்ணி கேக்கிறா எண்டிருக்கலாம். பொரட்டிப் படுக்கப் போடச் சொல்றா எண்டிருக்கலாம். ஆறு மாசம் வாப்பா. எண்ட கையால அந்த எண்ணெயத் துடைச்செடுத்த நான். ஒவ்வொரு நாளும் அதுதான் கண்ணுக்குள்ள."

"தெரியும்."

"தெரிஞ்சிட்டுத்தான் இருந்தீங்களா?"

ஓம் என்றேன். அவளிடம் சொல்ல எனக்கு அன்று மிஞ்சியிருந்த ஓம் அது ஒன்றுதான்.

அவள் அழவில்லை. காதிலிருந்த பஞ்சை எடுத்து, விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, "உம்மா சிரிப்பாவா? பாட்டுக் கேக்கக்குள்ள?" என்றாள். சிரிப்பாள் என்றேன். என் மச்சினி, அவளுக்குச் சாச்சி, வந்து பார்த்துவிட்டுப் போன அந்த முதல் நாளைச் சொன்னேன். அவளுடைய உதடு அசைந்தது. சிரிப்பாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

"சாச்சிக்கிட்டச் சொல்லிராதீங்க" என்றாள். "அந்த எண்ணெய ஊத்தினது அவதான். தெரிஞ்சா தாங்க மாட்டா."

"அவருக்கு?" என்றேன், மருமகனை நினைத்து.

"அவருக்கு நான் சொல்லுவன். எப்பயெண்டு நான் பாத்துக்குவன். நீங்க ஒண்டும் கதைக்காதீங்க வாப்பா."

அதற்குப் பிறகு அயன் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் எழுந்து என் அறைக்கு வந்தேன்.

காது நோவைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. அது நின்றுவிட்டதா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. என்னோடு முன்பு பேசியதைப் போலத்தான் பேசுகிறாள். சாப்பாடு வைக்கிறாள், மருந்து நேரத்தை நினைவூட்டுகிறாள். பகலில் என் அறைக் கதவு சாத்தியிருந்தால் தட்டுவதில்லை. முன்பு தட்டுவாள். மருமகனிடம் சொன்னாளா இல்லையா என்பதை அவருடைய முகத்திலிருந்து நான் கண்டுபிடிக்க முயல்கிறேன். அவர் எப்போதும் போல ஸலாம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறார். நான் மறுபடியும் பாட்டுக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். அது ஆறுதலா, பழக்கமா, தண்டனையா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. கேட்காமல் விட்ட நாட்கள் இதைவிட மோசமானவை என்று மட்டும் சொல்லலாம்.

கடந்த வெள்ளிக்கிழமை மச்சினி வந்தாள். வழக்கம் போல ராத்தாவைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நாங்கள் மூவரும் மண்டபத்தில் இருந்தோம். மகள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நானெண்டா அந்தப் பின்னேரத்த மறக்க மாட்டன் புள்ள" என்றாள் மச்சினி. "எண்ணெய ரெண்டு துளிதான் விட்டன். உடன கையக் கீழ போட்டுட்டா. கண்ண மூடிட்டா. அவ்வளவு நோவு இருந்திரிக்கி. ராத்தாட கடைசி நோவு எண்ட கையால அடங்கின எண்டு நினைக்கக்குள்ள, எனக்கு அது போதும். என்ன மச்சான்?"

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். தன்னுடைய ராத்தா கையைக் கீழே விட்டது எதனால் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

மகள் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஓம் சாச்சி" என்றாள். "அதுக்குப் பிறகுதான் உம்மா நிம்மதியாப் படுத்தவ."

குரலில் சிறு தடுமாற்றமும் இருக்கவில்லை. மச்சினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீனி போதாது என்றாள். மகள் சீனிப் போத்தலை எடுக்க உள்ளே போனாள். என்னைக் கடந்து போகும்போது என்னைப் பார்க்கவில்லை.